நாயைப் பிடித்த கை

ஆண்ட்வெர்ப் பட்டணத்துப் பக்கம், நேட்டே ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊரில், சார்லஸ் சக்கரவர்த்தி ஆண்ட காலத்தில், டிக்னாவின் கையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்ன எந்தப் பெண்ணும் ஒப்புக்கொள்ள மாட்டாள். கையில் சொறியில்லை, சிரங்கில்லை. நீட்டுகிற கை இடது கை, அவ்வளவுதான் குற்றம். முட்டை விற்கிறவள்கூட டிக்னா காசு நீட்டினால் "கீழ வையி, எடுத்துக்கிறேன்" என்பாள். அதே முட்டைக்காரியின் வீட்டில், தொட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த மாதா படத்துக்கு நீல முக்காடு பூசியது அந்த இடது கைதான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

டிக்னா படங்களுக்கு வர்ணம் பூசுகிறவள். அவள் புருஷன் கோவார்ட் செப்புத் தகட்டில் உளியால் கோடு கீறுவான். அவள் அந்தக் கோட்டில் மை நிரப்பித் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே போட்டு, இருவருமாக அச்சு உருளையைச் சுற்றுவார்கள். காகிதம் காய்ந்ததும் அவள் தூரிகையை எடுப்பாள். சூதாட்டச் சீட்டு, பஞ்சாங்கம், குடிகாரன் மிட்டாய்க்காரியை முத்தமிடுகிற வேடிக்கைப் படம் என்று எல்லாம் உண்டு. ஆனால் அவள் உயிர் இருந்தது சாமி படங்களில்தான். தன் கையை உள்ளே விடாத வீடுகளுக்குள் எல்லாம் அந்தப் படங்கள் வழியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறோம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் திமிர் என்பார்கள். உள்ளபடியே அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

சின்ன வயதில் கன்னியர் மடத்துத் தையல் பள்ளிக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே அவளுடைய இடது கையை இடுப்புத் துணிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவைத்து வலது கையால் தைக்கச் சொன்னார்கள். துணியெல்லாம் ரத்தப் பொட்டு ஆனதுதான் மிச்சம். "நாய் வாலை நிமித்தினாலும் நிமித்தலாம், இந்தக் குட்டியைத் திருத்த முடியாது" என்று மடத்துத் தாயார் ஒருநாள் கையை அவிழ்த்துவிட்டாள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அந்த அம்மாள் விடவில்லை. சிலுவை போட இடது கை எழுந்தால் பிரம்பு விழும். அடி உதவுகிறதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் அல்லவா? சிலுவை மட்டும் டிக்னாவுக்கு வலது கையில் படிந்துவிட்டது. தூக்கத்தில் கெட்ட கனவு கண்டு எழுந்தாலும் வலது கைதான் நெற்றிக்குப் போகும். மற்றதெல்லாம் பழையபடி இடது கைதான்.

கோவார்ட் ஆண்ட்வெர்ப் பட்டணத்திலிருந்து வந்தவன். உளி பிடித்தால் கெட்டிக்காரன். பேச ஆரம்பித்தால் வாய் வங்காளம் போகும். அவன் டிக்னாவைக் கட்டிக்கொண்ட கதையை அவனே பீர்க் கடையில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டான். "எங்க தொழில்ல தகட்டுல இடப்பக்கம் கீறுனது காகிதத்துல வலப்பக்கம் வரும். அதுக்காக எப்பவும் ஒரு கண்ணாடிய வச்சுகிட்டு, அதுல பாத்துப் பாத்துக் கீறணும். இவளப் பாத்தேன். கண்ணாடியே பொண்ணா வந்து நிக்குது. விடுவனா?"

இது வெறும் கேலி இல்லை. சீட்டுக்கட்டு ராஜா வாளை ஓங்க வேண்டுமா, குடிகாரன் கிண்ணத்தைத் தூக்க வேண்டுமா, டிக்னாவைத்தான் நிற்கச் சொல்வான். அவள் தன் இயல்பில் இடது கையைத் தூக்குவாள். அவன் கண்ணால் கண்டபடியே தகட்டில் கீறுவான். அச்சில் அது வலது கையாகத் திரும்பி வந்து நிற்கும். கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் லம்ப்ரெக்ட் வந்தார். கசாப்புக் கடைக்காரர், ஹூபர்த்தியார் சபையின் தலைவர். வேட்டைக்காரர்களுக்கும் நாய் வளர்ப்பவர்களுக்கும் பாதுகாவலர் புனித ஹூபர்த்தியார். நவம்பர் மாதத் தொடக்கத்தில் அவர் திருநாள். அன்று ஊர் நாய்கள் அத்தனையும் கோயிலுக்கு வரும். மந்திரித்த ரொட்டியை நாயும் தின்னும், ஆளும் தின்பான். தின்றால் வெறிநாய்க்கடி அண்டாது. அந்த வருஷம் ரொட்டியோடு சேர்த்து வீட்டுக்கொரு படமும் கொடுக்க வேண்டும் என்று சபை முடிவு செய்திருந்தது. பெரிய வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கோயிலுக்குப் போகாமல் காட்டுக்கு வேட்டைக்குப் போன ஹூபர்த்தியார், துரத்திய மான் சட்டென்று திரும்பி நிற்க, அதன் கொம்புகளுக்கு நடுவே, ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தைக் கண்டு மண்டியிட்டுச் சிலுவை போடுகிற காட்சி.

"படம் நீ கீறு கோவார்ட். அதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் லம்ப்ரெக்ட். "ஆனா வர்ணம் உம் பொண்டாட்டி பூசறதா இருந்தா யோசிக்கணும். போன வருஷம் அவ பூசின வனத்து அந்தோனியார் படத்த, பன்னிக்குக் காவலா இருப்பாருன்னு தொழுவத்துல ஒட்டினேன். மாசம் திரும்பறதுக்குள்ள பன்னி போயிடுச்சு."

டிக்னா மை துடைக்கிற துணியோடு வெளியே வந்தாள். "எப்படிப் போச்சு?"

"எப்படின்னா?"

"தானா செத்துச்சா, இல்ல நீங்க அறுத்தீங்களா?"

லம்ப்ரெக்ட் கொஞ்சம் தடுமாறினார். "அறுத்தேன்தான். கசாப்புக்காரன் பன்னிய அறுக்காம முத்தமா குடுப்பான்? ஆனா அதுல கொழுப்பே இல்ல தாயி!"

"கொழுப்பெல்லாம் வேற எடத்துல சேந்துடுச்சு போல" என்றாள் டிக்னா, அவர் வயிற்றைப் பார்க்காமல் பார்த்து.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். லம்ப்ரெக்டின் முகம் அவர் கடையில் தொங்குகிற ஈரல் நிறத்துக்குப் போனது. சபை நடுவில், பங்குச் சாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் ஒரு பேச்சுப் பேசினார். படத்துக்கு டிக்னாவே வர்ணம் பூசட்டும். ஆனால் ஒரே ஒரு குறை கண்ணில் பட்டாலும் அதோடு சரி. அப்புறம் அவள் கை எந்தச் சாமி படத்திலும் படக்கூடாது. "சூதாட்டச் சீட்டுக்கும் பஞ்சாங்கத்துக்கும் பூசிக்கட்டும். பிசாசுக்கும் பிழைப்பு வேணுமில்ல." சாமியார் நல்ல மனிதர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி லம்ப்ரெக்ட் கடையிலிருந்துதான் அவருக்குப் போகும். அவர் தலையை ஆட்டினார். கோவார்ட் இரண்டு கிண்ணம் பீர் உள்ளே போயிருந்த தைரியத்தில் லம்ப்ரெக்டின் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தான்.

"யாரக் கேட்டுச் சத்தியம் பண்ணினீங்க?" என்றாள் டிக்னா.

"கொறையே வராதுடி. கீறறது யாரு?"

"கொறை வந்தா தொலையறது உங்க உளியா, என் தூரிகையா?"

மறுநாளிலிருந்து அவன் உட்கார்ந்து கீறிய கீறலைப் பார்த்து அவளே வாயடைத்துப் போனாள். காடு, ஓடை, ஓடையில் வளைந்து கிடக்கிற ஓக் மரம், மரத்தடியில் நாக்கு நீட்டி இளைக்கிற நாய்கள். ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு முகம். பாக்கி இருந்தது புனிதர் மட்டும்தான். கற்பனையில் கை கால் போட கோவார்டுக்கு வராது. "வாடி, வந்து மண்டி போடு" என்றான்.

அடுப்படியில் மான் வேண்டுமே. பக்கத்து வீட்டு ஆட்டுக்கிடாவைப் பிடித்து வந்து, இரண்டு மரக் கரண்டிகளைச் சிலுவையாகக் கட்டி அதன் கொம்புகளுக்கு நடுவே வைத்தார்கள். நாய்க்குப் பதில் ஒரு தலையணை. "ஒரு கையால நாயப் புடிச்சுக்க. ஒரு கையச் சிலுவை போடற மாதிரி தூக்கு. வழக்கம் போலத்தான். அசையாத" என்று சொல்லிவிட்டு, கோவார்ட் தகட்டின்மேல் குனிந்தான். கிடா வாயில் எதையோ மென்றுகொண்டு டிக்னாவைப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனாலும் கரண்டிச் சிலுவையும் சிலுவைதானே? அதைப் பார்த்துக்கொண்டே மண்டியிட்டதும் அவள் கை தானாக நெற்றிக்குப் போனது. அவன் பார்த்தான், கீறினான். தன் மனைவி தூக்குகிற கை எந்தக் கை என்று அவன் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று யார் சரிபார்க்கிறார்கள்?

திருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது முதல் தாளை அச்சு உருளையிலிருந்து உரித்து எடுத்தார்கள். நல்ல வெயில் அடித்த காலை. டிக்னா தாளை இரு முனையிலும் பிடித்து ஜன்னலுக்கு எதிரே தூக்கினாள். "அய்யோ, எவ்வளவு அழகு!" என்று வாய்விட்டுச் சொன்னாள். மான் அப்படி நின்றது, ஓடவும் இல்லாமல் பயப்படவும் இல்லாமல். நாயின் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தது. புனிதரின் முகத்தில், திருடும்போது பிடிபட்டவனின் வெட்கமும் மன்னிப்புக் கிடைத்தவனின் சந்தோஷமும் ஒன்றாக இருந்தன. பிறகு அவள் பார்வை கைக்கு வந்தது.

"ஏங்க" என்றாள்.

"ம்?"

"இது எந்தக் கை?"

கோவார்ட் பார்த்தான். தன் கையைத் தூக்கிப் பார்த்தான். தாளைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். புனித ஹூபர்த்தியார் வலது கையால் நாயைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஏண்டி சோத்தாங்கையத் தூக்கின?"

"சாமிக்கு முன்னால பீச்சாங்கையத் தூக்குவாங்களா? என்ன பேச்சு பேசறீங்க?"

"எல்லாத்துக்கும் அந்தக் கையத்தானடி தூக்குவ! என்ன அடிக்கறதுக்குக்கூட!"

"அது அடிக்கறதுக்கு. இது கும்பிடறதுக்கு. யோவ், கண்ணாடிய வச்சுக் கீறியிருந்தா இந்த வம்பு உண்டா? சோம்பேறித்தனத்துக்குத்தான பொண்டாட்டிய நிக்க வச்சீங்க!"

"ஆமா, எம் பொண்டாட்டி கண்ணாடின்னு நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்!"

அரை மணி நேரம் இப்படியே போனது. கிடாவின் மேல்கூடக் குற்றம் சொல்லிப் பார்த்தார்கள். சுரண்டித் தட்டிச் சரிசெய்யலாம் என்றால் ஒரு கையை மாற்றினால் போதாது, நாயை மாற்ற வேண்டும், தோளை மாற்ற வேண்டும், மாதக்கணக்காகும். கடைசியில் கோவார்டுக்கு ஒரு வழி தோன்றியது. அச்சடித்த தாள் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் இன்னொரு ஈரத் தாளைப் போட்டு உருளையில் விட்டால், மை அதில் ஒட்டிக்கொள்ளும். படம் திரும்பிவிடும். இடம் வலமாகும், வலம் இடமாகும்.

செய்தார்கள். புனிதர் ஒழுங்காக வலது கையால் சிலுவை போட்டார். ஆனால் மையில் பாதிகூட வரவில்லை. காடு மூடுபனியில் நின்றது. நாய்களின் முகம் போய்விட்டது. விலா எலும்பு போய்விட்டது. புனிதரின் முகத்தில் இருந்த வெட்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பலதடவை துவைத்த சட்டையைப்போல இருந்தது படம்.

"இது போதும்டி" என்றான் கோவார்ட். "நீ மேல வர்ணம் பூசினா யாருக்கும் தெரியாது. உன் தூரிகை தப்பிச்சா சரி." சொல்லிவிட்டு நல்ல தாளைக் கையில் எடுத்தான். நாய்களை ஒருமுறை பார்த்தான். அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு வைத்தான். அவன் அப்போது கேலி எதுவும் பேசவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கோவார்ட் கேலி பேசாமல் ஒரு வேலை செய்து டிக்னா அன்றுதான் பார்த்தாள்.

அவள் தூரிகையை நினைத்தாள். மாதாவின் நீல முக்காடு, தொட்டில்கள், தொழுவங்கள், தன்னை உள்ளே விடாத அத்தனை வீடுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அப்புறம் விறகோடு கிடந்த நாய்களைப் பார்த்தாள். எழுந்து போய்த் தாளை எடுத்து, ஒட்டியிருந்த மரத்தூளை ஊதித் தள்ளினாள்.

"என்னடி பண்ற?"

"இதத்தான் பூசப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? லம்ப்ரெக்ட் ஒரே பார்வைல கண்டுபிடிச்சிடுவான். அப்புறம் காலம் பூரா சீட்டுக்கட்டு ராணிக்குக் கன்னம் செவக்க வச்சுகிட்டு உக்காந்திருப்ப!"

"உக்காந்துட்டுப் போறேன். நீங்க இந்த மாதிரி ஒண்ணு கீறி நான் பாத்ததில்ல. இத அடுப்புல வச்சுட்டு அந்த வெளுத்ததுக்கு வர்ணம் பூசினா, எங் கை எனக்கே வெளங்காது. உருளையச் சுத்துங்க."

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம், சபை மண்டபத்தில் பட்டாணிக் கஞ்சியும் ரத்தம் அடைத்த கறுப்புக் குடல் வறுவலும் பீருமாக எல்லோரும் கூடியிருந்தார்கள். லம்ப்ரெக்டின் பெரிய வேட்டைநாய் ப்ராண்ட் மேசைக்கடியில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. டிக்னா ஒரு படத்தை மேசைமேல் விரித்தாள். பச்சையும் பழுப்புமாகக் காடு. புனிதருக்குச் செங்கல் நிற மேலங்கி. சுரூபத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள்.

சாமியார் தொப்பியைக் கழற்றினார். பிரபு வீட்டு நாய்க்காரன் ரெய்னியர், ஊரில் பேச்சை நிறுத்தத் தெரியாதவர்களில் முதல் ஆள், குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது நம்ம ப்ராண்டு! காதப் பாருங்க, அதே கடிபட்ட காது!" என்றான். லம்ப்ரெக்டின் முகம் மலர்ந்தது. நாயைப் படத்தில் பார்த்த சந்தோஷத்தில் அவருக்குக் கண்கூடக் கலங்கியது. அப்புறம் நாயிலிருந்து கயிற்றுக்கும், கயிற்றிலிருந்து கைக்கும், அந்தக் கையிலிருந்து மற்றக் கைக்கும் போனார்.

"என்னய்யா இது? ஹூபர்த்தியார் பீச்சாங்கையில சிலுவை போடறாரு!"

மண்டபம் முழுதும் டிக்னாவைத் திரும்பிப் பார்த்தது. கோவார்ட் வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்தாள். கிடா, கரண்டி, தலையணை, மடத்துப் பிரம்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவளே சொன்னாள். "கை தப்பு என்னுது. கீறினதுல தப்பில்ல. நீங்க சொன்ன சொல்லு எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா படத்த எரிச்சுடாதீங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"நான் அப்பவே சொல்லலையா?" என்று லம்ப்ரெக்ட் மேசையில் குத்தினார். "பீச்சாங்கை தொட்ட எடம்…"

"இருங்கண்ணே" என்றான் ரெய்னியர். அவன் இன்னும் படத்தைவிட்டு நிமிரவில்லை. "நாய எந்தக் கையில புடிச்சிருக்காரு?"

"அதுக்கென்ன இப்ப?"

"சோத்தாங்கையில புடிச்சிருக்காரு. சரியாத்தான புடிச்சிருக்காரு? ப்ராண்டு மாதிரி நாய நீங்க பீச்சாங்கையிலயா புடிப்பீங்க? தோள்பட்டை கழண்டுடும்."

சாமியார் குறுக்கிட்டார். "அப்பா ரெய்னியர், ஆண்டவரையே நேரில் கண்டவர் நாயை விட்டுவிட்டு வலது கையால் அல்லவா சிலுவை போட்டிருக்க வேண்டும்?"

"நாய விடறதா? சாமி, விட்டா நாய் எங்க போகும்?"

"எங்கே போகும்?"

"மான் மேல பாயும். மான் தலைல யாரு இருக்காரு?"

சாமியார் படத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ ஆண்டவரே" என்றார்.

"அதான்! மனுஷன் யோசிச்சிருக்காரு. இந்தக் கைய எடுத்தா நாய் ஆண்டவரையே கொதறிடும். அதனால மத்தக் கைல போட்டாரு. இதவிட பக்தி வேற என்ன வேணும்?"

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. நல்ல நாய் நிற்கும் என்றார்கள் ஒரு கட்சி, எந்த நாயும் நிற்காது என்றார்கள் மறுகட்சி. லம்ப்ரெக்ட் எழுந்தார். "எந்த நாய் வேணா பாயட்டும். என் ப்ராண்டு பாயாது. நில்லுன்னா கல்லு மாதிரி நிக்கும். இப்பவே காட்டறேன்." சுவரில் மாட்டியிருந்த மான் கொம்பைக் கழற்றினார்கள். யார் தலையில் வைப்பது? கோவார்ட் தலையில் வைத்தார்கள். மண்டபத்தின் மறுகோடியில் அவன் நான்கு காலில் நின்றான். "பொண்டாட்டி எதிர்லயே கொம்பு மொளச்ச மொத ஆளு நீதாண்டா" என்று யாரோ கத்தினார்கள். பொண்டாட்டி கள்ளத்தனம் பண்ணினால் புருஷன் தலையில் கொம்பு முளைக்கும் என்பது எங்கள் ஊர்க் கேலி.

லம்ப்ரெக்ட் ப்ராண்டைக் கயிற்றில் பிடித்து வந்து மண்டியிட்டார். "நில்லு" என்றார். கயிற்றை விட்டார். வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். "பிதா…" என்றார். கை நெஞ்சுக்கு வந்தது. "சுதன்…" என்று முடிப்பதற்குள் ப்ராண்ட் மேசைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. கஞ்சிப் பானை கவிழ்ந்தது, கொம்பு ஒரு பக்கம் உருண்டது, கோவார்ட் ஒரு பக்கம் உருண்டான். நாய் அவன் மூக்கை நக்கியதா கடித்ததா என்பதில் எங்கள் ஊரில் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. சிரித்துச் சிரித்துச் சாமியாருக்கு விக்கல் எடுத்துவிட்டது. "படத்தை நாளைக்கு மந்திரிக்கிறேன்" என்று விக்கலோடு சொன்னார்.

லம்ப்ரெக்ட் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே டிக்னாவைத் தாண்டிப் போனார். "படம் இருக்கட்டும். உன் விஷயத்துல நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

அன்று டிக்னா வீட்டுக்குப் போய்க் கோவார்டின் மூக்குக்கு மருந்து போட்டாள். தூரிகைகளைக் கழுவினாள். வேண்டிய அளவுக்கு மேலேயே கழுவினாள்.

மறுநாள் கோயில் நிறைந்துவிட்டது. வேட்டைநாய், காவல்நாய், மடியில் வைத்துக்கொள்கிற குட்டிநாய், ஒற்றைக்கண் நாய், குரைப்பு, உறுமல், ஈர ரோம வாடை எல்லாம் இருந்தன. ஒவ்வொரு வருஷமும் சாமியார் ஆசீர்வாதம் கொடுக்கிற நேரத்தில்தான் கோயிலில் ரகளை நடக்கும். எல்லோரும் சிலுவை போடக் கயிற்றை விடுவார்கள், நாய்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், மந்திரித்த ரொட்டி காலில் மிதிபடும். இந்த வருஷம் ஒவ்வொரு கையிலும் படம் இருந்தது. நேற்று மண்டபத்தில் நடந்தது விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கயிற்றை விட யாருக்கும் தைரியமில்லை.

டிக்னா தூணுக்குப் பின்னால் நின்றாள். அவளிடம் நாய் இல்லை. படம் நன்றாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. ஆனால் அவளிடம் வந்து யாரும் சொல்லவில்லை. இனி எந்தப் படத்தையும் தொட முடியுமோ முடியாதோ என்று அவள் முன்வரிசையில் லம்ப்ரெக்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் கட்டுப்போட்ட கோவார்ட் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

சாமியார் பீடத்தில் திரும்பினார். அப்போது முன்வரிசையிலிருந்து லம்ப்ரெக்ட் எழுந்தார். ப்ராண்டையும் சேர்த்துத் தன்னுடைய மூன்று நாய்களையும் இழுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கோயிலின் நடுவழியே பின்னால் வந்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. சாமியார்கூடக் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார். லம்ப்ரெக்ட் டிக்னாவுக்கு முன்னால் வந்து நின்று, ப்ராண்டின் கயிற்றை அவள் பக்கம் நீட்டினார்.

"மூணு நாயும் எனக்குச் சமாளிக்க முடியல. இதப் புடி தாயி" என்றார். டிக்னாவின் இடது கை வழக்கம்போல முந்திக்கொண்டு வந்தது. அவர் கயிற்றைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். "சோத்தாங்கையில புடி. கெட்டியாப் புடிச்சுக்க. அப்புறம்… அடுத்த வருஷப் படத்துல இதுக்கு ரோமம் இன்னும் கொஞ்சம் செவப்பா பூசணும். நேத்தே சொல்லணும்னு இருந்தேன்."

அவள் கயிற்றை வாங்கி வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மணி அடித்தது. கோயில் முழுதும், கசாப்புக்காரர், நாய்க்காரன், முட்டைக்காரி, மடியில் குட்டிநாய் வைத்திருந்த கிழவி என்று நாய் பிடித்திருந்த ஒவ்வொருவரும் இடது கையைத் தூக்கினார்கள். பழக்கமில்லாத கைகள், நெற்றிக்குப் போவதற்குப் பதில் மூக்கிலும் காதிலும் போய் முட்டின. டிக்னாவின் இடது கை மட்டும், பிரம்படிக்குப் பிறகு அந்த வழியில் ஒருநாளும் போகாத கை, நெற்றிக்கும் நெஞ்சுக்கும் இரண்டு தோளுக்கும் தடுமாறாமல் போய் வந்தது. ப்ராண்ட் கயிற்றை இழுத்தது. கண்ணீரில் எதிரே ஒன்றும் தெரியாவிட்டாலும் அவள் நாயை விடவில்லை.